ஹாஸ்டல் அறையில் பூட்டிய கொன்றைச்சரம்

ரேணுகாம்பாளைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும், "ஐயோ, கோவக்காரியாச்சே!" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். கோபக்காரிதான். யார் இல்லை என்றது? சும்மா கிடந்தவளைச் சீண்டிவிட்டு, அவள் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் "பொம்பளைப் பிள்ளைக்கு இத்தனை ஆங்காரம் ஆகுமா" என்று கன்னத்தில் கை வைக்கிற ஊர் இது. அவளுக்கு என்ன செய்தார்கள் என்பதை விழுங்கிவிட்டு, அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் நீட்டி முழக்குவார்கள். கதையை முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். ஊரில் ரேணுகா, வீட்டில் ரேணு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ராஜம்மாள் பட்டு நூல் இழைத்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். பத்தாவது படிக்கும்போது கூடப் படித்த ஒருத்தி ரேணுவின் காம்பஸை இரவல் வாங்கி உடைத்துவிட்டு, "நான் வாங்கவே இல்லையே" என்று சாதித்தாள். ரேணு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய், பளபளக்கும் தாளில் சுற்றி ஒரு பரிசைக் கையில் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே புது ஜியாமெட்ரி பாக்ஸ். மாப்பிள்ளை வீட்டார் அது என்ன ஏது என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். அப்படிப்பட்டவள்தான் ரேணு.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்ததும், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் சக்கரவர்த்தி முதலாளியின் பட்டுக் கடையில் டிசைன் போடச் சேர்ந்தாள். அதுவரை கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்துகொண்டிருந்ததை அவள் கம்ப்யூட்டரில் வரைந்தாள். அந்தக் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அட்டையில் ஓட்டை போட்டுத் தருவார்கள். அந்த அட்டை மாலையைத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்ட் பெட்டியில் மாட்டினால், வரைந்தது அப்படியே புடவையில் இறங்கும். வரைந்தவள் பெயர் புடவையில் வராது. வந்து வாங்குகிறவர்களுக்கு அது சக்கரவர்த்தி டிசைன். ரேணுவுக்கு அதில் வருத்தமில்லை. கல்யாண வீடுகளில் தன் பார்டர் போட்ட புடவை எதிரே வந்தால் அம்மாவின் விலாவில் இடித்துக் காட்டுவாள். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சக்கரவர்த்தி முதலாளிக்கு ஒரு பயம் உண்டு. டிசைன் வெளியே போய்விடும் என்ற பயம். பட்டு ஊரில் அது நியாயமான பயம்தான். கைத்தறியில் புடவை இறங்க வாரக்கணக்கு ஆகும். அதற்குள் டிசைன் ஒரு பவர்லூம்காரன் கையில் சிக்கினால், அவன் மட்டமான நூலில் படபடவென்று ஓட்டி பஜாரில் தொங்கவிட்டுவிடுவான். பிறகு அசல் புடவை வந்தால், "இது போன மாசமே பார்த்ததாச்சே" என்று பெண்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். ஆகவே அட்டை அடிக்கும் இடத்தில்கூட முதலாளி தானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்ததும் டிசைனை ஒரு சீடியில் ஏற்றிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடச் சொல்வார். அந்தச் சீடி அவருடைய மகன் ராஜ்குமாரிடம் போகும்.

ராஜ்குமார் சேத்துப்பட்டுச் சாலையில் இருந்த இன்ஜினியரிங் கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். "கடையில வெச்சா எவனாவது காப்பி அடிச்சிடுவான், வூட்ல வெச்சா வேலைக்காரங்க வந்துகினு போய்கினு இருப்பாங்க. எம்புள்ள ரூம்புல வெச்சா எந்தக் கொம்பன் வருவான்?" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். மகனுக்குப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். ராஜ்குமார் சீடியில் இருப்பதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டு, வகுப்புக்குப் போகும்போதெல்லாம் மறக்காமல் அறையைப் பூட்டிவிட்டுப் போவான். நல்ல பிள்ளை.

அடுத்த வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு ரேணு போட்ட டிசைன் கொன்றைச்சரம். முந்தானையிலிருந்து கொன்றைப் பூச்சரங்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் தொங்கும். ஜரிகையில் அந்தப் பூவை நெய்தால் மஞ்சள் அப்படியே சொட்டும். மாசக்கணக்காக உட்கார்ந்து, அழித்து அழித்து வரைந்தாள். முதலாளியே பார்த்துவிட்டு, "சூப்பரும்மா" என்றார். தறிகளில் பாவு ஏற்றி, பாதிப் புடவைகூட இறங்கவில்லை. அதற்குள் உள்ளூர் சடையப்பனின் பவர்லூம் ஷெட்டிலிருந்து கொன்றைச்சரம் பஜாருக்கு வந்துவிட்டது. சரம் அதே சரம், இதழ் அதே இதழ்.

வெள்ளிக்கிழமை கூலி நாள். நெசவுக்காரர்கள் எல்லாரும் புடவையோடு கடைக்கு வந்திருந்தார்கள். முதலாளி மெத்தை விரிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு ரேணுவைக் கூப்பிட்டார்.

"கொன்றைச்சரம் எப்படி சடையப்பன்கிட்ட போச்சு?"

"எனக்குத் தெரியாதுங்க மொதலாளி."

"தெரியாதா? வரைஞ்சது நீ. அட்டை அடிக்கிற எடத்துல நான் பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். கம்ப்யூட்டர்ல அழிச்சாச்சு. சீடி எம்புள்ள ரூம்புல பூட்டிக் கீது. மிச்சம் யாரு? சொல்லு, யாரு மிச்சம்?"

"நான் எதுக்குங்க என் டிசைன நானே குடுக்கப் போறேன்?"

முதலாளி கடையில் கலர் சேர்க்கிற வேலை பார்த்த தமிழ்வாணன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. இவ எதனா எடுத்துனு போனத பார்த்தியா?"

தமிழ்வாணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள் பையில ஃப்ளாப்பி வெச்சத பார்த்தேங்க" என்றான்.

அடுத்த நிமிஷம் முதலாளி அவள் கைப்பையைப் பிடுங்கி வெள்ளை விரிப்பில் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு அட்டை, தாளில் மடித்து வைத்திருந்த நாப்கின். அத்தனை ஆம்பிளைகளும் பார்க்க அது உருண்டுபோய் விரிப்பின் ஓரத்தில் நின்றது. ஒரு ஃப்ளாப்பியும் விழுந்தது. "வேலைக்குப் போட்ட பயோடேட்டாங்க அது. போட்டுப் பாருங்க. அதோ கம்ப்யூட்டர், போட்டுத்தான் பாருங்களேன்" என்று ரேணு கெஞ்சினாள். அவள் வாழ்நாளில் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். முதலாளி ஃப்ளாப்பியை இரண்டாக உடைத்து அவள் காலடியில் போட்டார்.

"திருட்டுக் கழுதைய உள்ள வெச்சுகினு சோறு போட்டேன் பாரு. போ வெளிய."

விரிப்பில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டாள். நெசவுக்காரர்கள் தங்கள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அவளைக் குழந்தையிலிருந்து தெரியும்.

அதற்குப் பிறகு ஆரணியில் எந்தக் கடையும் அவளைப் படி ஏற்றவில்லை. ராஜம்மாளுக்கும் நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குழாயடியில் ரேணு குடத்தோடு போய் நின்றால் பெண்கள் சுருக்குப் பையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார்கள். வீட்டில் ராஜம்மாள், "விட்டுத் தொலைடி. பேரு போனா போவுது, வேற ஊருக்குப் போயி பொழைச்சுக்கலாம்" என்று அழுதாள். ரேணு, "நான் ஏம்மா போவணும்? நான் இன்னா திருடினேன்?" என்று கத்தினாள். அந்தக் கடையில், அந்த ஆட்கள் முன்னால், அந்த மனிதர் தன் வாயாலேயே 'ரேணுகா திருடவில்லை' என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் ஊரை விட்டு நகர்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

கடைசியில் கிடைத்த வேலை, சேத்துப்பட்டுச் சாலைக் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். ராஜ்குமார் படித்த அதே கல்லூரி. வேறு வழியில்லை, சேர்ந்தாள். அவன் அவளைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவான். அவளும் அப்படியே.

ஒரு நாள் பிரின்சிபால் கூப்பிட்டார். "நெட்வொர்க் மாட்டு வண்டி மாதிரி போவுதும்மா. பசங்க என்னமோ சாஃப்ட்வேர் போட்டு விளையாடறானுங்களாம். என்னன்னு பாரு."

பார்த்தாள். பசங்கள் டிசி என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஒருவன் கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொருவன் தன் அறையில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். பாட்டு, படம், கேம், பழைய கேள்வித்தாள் எல்லாம் இப்படித்தான் அறைக்கு அறை போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் கூடுகிற நடு இடத்துக்கு ஹப் என்று பெயர். சும்மா வாங்கித் தின்ன வருகிறவனுக்கு அங்கே இடமில்லை. ஹப்புக்குள் போக வேண்டுமானால் நீயும் குறைந்தது ஐந்து ஜிபியாவது எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று பசங்களே சட்டம் போட்டிருந்தார்கள். படம் குறைவாக வைத்திருந்தவன் என்ன செய்வான்? கணக்கு நிரம்ப வேண்டும் என்று டிரைவ் முழுவதையும் ஒரே டிக்கில் திறந்துவிடுவான்.

ரேணு லேப் கம்ப்யூட்டரிலிருந்து ஹப்புக்குள் போய் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். ராஜ்பட்டு என்று ஒரு பெயர் இருந்தது. திறந்தாள். நாலு படம், கொஞ்சம் பாட்டு, நாலைந்து கேம். அதற்குக் கீழே அப்பா என்று ஒரு ஃபோல்டர்.

அதற்குள் அவள் போட்ட டிசைன்கள் எல்லாம் இருந்தன. அவள் வைத்த பெயர்களே அப்படியே இருந்தன. கொன்றைச்சரமும் இருந்தது. அறைக் கதவில் பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருக்க, உள்ளே இருந்த அத்தனையும் ஹாஸ்டலுக்கே பந்தி போட்டுக் கிடந்தது. சடையப்பன் மகன் மாணிக்கவேலும் இதே ஹாஸ்டல்தான் என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள்.

'அட பாவிகளா! உங்க வீட்டுக் கதவை நீங்களே திறந்துபோட்டு, என் பையைத்தான் கவிழ்த்தீங்களா?'

அந்தப் பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்தாள். நேரே கடைக்குப் போய் முதலாளி மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்று பஸ்சிலும் ஏறிவிட்டாள். ஆரணி வந்து சேர்வதற்குள் யோசனை வேறு பக்கம் திரும்பியது. இதைக் காட்டினால் என்ன ஆகும்? உள் அறைக்குக் கூப்பிட்டு, "சரி சரி, தெரியாம நடந்துபோச்சு, வுடும்மா" என்பார். மகனைக் கூப்பிட்டு அதை மூடச் சொல்வார். எல்லார் எதிரிலும் வெள்ளை விரிப்பில் நடந்ததை உள் அறையில் வைத்துத் துடைத்துவிடுவார். அவருக்கு என்ன வலி? ஒரு ராத்திரியாவது தூக்கம் கெட வேண்டாமா? தன் கண்ணெதிரே தன் பொருள் பஜாரில் நாறுவதைப் பார்க்க வேண்டாமா? பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

அதன் பிறகு தினமும் லேப்பில் ஒரு தடவை ராஜ்பட்டைத் திறந்து பார்ப்பாள். அவள் இடத்தில் இப்போது தமிழ்வாணன் உட்கார்ந்து டிசைன் போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த ஆவணிக்கு அவன் போட்டது ரெட்டைக்கிளி. பார்டர் முழுக்க மூக்கோடு மூக்கு வைத்த கிளிகள். அப்பா ஃபோல்டரில் அது வந்து விழுந்த அன்றைக்கே ரேணு எடுத்துக்கொண்டாள். சீடிகளில் ஏற்றினாள். பெயர் போடாத உறைகளில் வைத்து, ஆரணியில் ஒன்று விடாமல் தனக்குத் தெரிந்த பவர்லூம் ஷெட்டுகளுக்கெல்லாம் தபாலில் அனுப்பினாள். யாரிடமும் ஒரு பைசா கேட்கவில்லை. ஸ்டாம்ப் ஒட்டும்போது நாக்கில் பட்ட பசைகூட அவளுக்கு இனித்தது.

ஆவணி வந்தது. பஜாரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளி. களம்பூரில் கிளி, போளூரில் கிளி, பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிமேல்கூடக் கிளி. சக்கரவர்த்தி கடையின் அசல் பட்டுக் கிளிகளைத் தொட்டுப் பார்க்க ஆளில்லை. நெய்தவர்கள் கொண்டுவந்து குவித்த புடவைகள் பீரோவிலேயே கிடந்தன. முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை தமிழ்வாணனின் பையை அதே விரிப்பில் கவிழ்த்தாராம். சட்டைப் பையையும் துழாவினாராம். "என் பொண்டாட்டி புள்ள மேல சத்தியமா நான் இல்லீங்க" என்று அவன் காலில் விழுந்தானாம். எட்டி உதைத்து வெளியே அனுப்பினாராம்.

ராஜம்மாள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ரேணு எழுந்து போய் ஜாங்கிரி வாங்கி வந்தாள். அம்மா வாயில் ஒன்று ஊட்டினாள், தானும் தின்றாள். மூன்று பேர் தின்கிற ஜாங்கிரியை ஒருத்தியே தின்றாள்.

ஆனால் அந்த இனிப்பு நாக்கில் தங்கவில்லை. குழாயடியில் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது. "ரெண்டும் கூட்டுக் களவாணிங்களாம். அவ கத்துக் குடுத்துட்டுப் போயிருக்கா, இவன் அதே மாதிரி செஞ்சுட்டான்." தமிழ்வாணன் அவளைக் காட்டிக் கொடுத்ததுகூட ஊர் கண்ணைக் கட்டப் போட்ட நாடகம் என்றார்கள். பழி வாங்கப் போய்த் தன் தலையிலேயே இன்னொரு கூடைப் பழியை அள்ளிக் கொட்டிக்கொண்டாளே! பெயர் வெளுக்கும் என்று பார்த்தால் இன்னும் கறுத்தது.

தமிழ்வாணன் ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான்.

"ரேணுகா, நீயாச்சும் சொல்லேன். நமக்குள்ள கூட்டு ஒண்ணும் இல்லைன்னு. வூட்ல என் பொண்டாட்டி கூட நம்ப மாட்டேங்கறா."

"ஓஹோ! அன்னிக்கு ஃப்ளாப்பிய பார்த்தேன்னியே தமிழண்ணா, அந்தக் கண்ணு இன்னும் இருக்குல்ல? அதையே கூட்டிகினு போயி சொல்லச் சொல்லு."

"வேலை போயிடும்னு பயந்துட்டேம்மா. தப்புதான்."

"இப்ப போச்சுல்ல? இனிமே பயம் இல்ல பாரு. போயி நிம்மதியா தூங்கு."

கதவை அவன் முகத்தில் சாத்தினாள். சாத்திவிட்டு உள்ளே வந்து சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. அவன் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் நின்ற நிலை, ஒரு வருஷத்துக்கு முன்னால் தான் நின்ற நிலை என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

வழி தானாக வந்தது. கல்லூரியில் பெற்றோர் கூட்டம். பிரின்சிபால் ரேணுவைக் கூப்பிட்டு, "பசங்க நெட்வொர்க்க என்ன பண்றானுங்கன்னு அவங்கவங்க அப்பா அம்மாவுக்குத் திரையில போட்டுக் காட்டும்மா. அப்பதான் புத்தி வரும்" என்றார். ரேணு, "நல்லாவே காட்டறேன் சார்" என்றாள்.

ஹால் நிறைந்திருந்தது. ஆரணிப் பட்டுக்காரர்கள், தறிக்காரர்கள், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்த விவசாயிகள். பெற்றோர் சங்கத் தலைவர் என்பதால் சக்கரவர்த்தி முதல் வரிசையில் சந்தன நிறச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சடையப்பன் நாலாவது வரிசையில். பசங்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். ராஜம்மாளை ரேணுவே வரச் சொல்லியிருந்தாள்; தம்பி அங்கே படித்ததால் தமிழ்வாணனின் மனைவியும் வந்திருந்தாள்.

ரேணு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஹப்பைத் திரையில் திறந்தாள். சட்டம் என்ன, ஐந்து ஜிபி என்ன என்று எளிமையாக விளக்கினாள். "உதாரணத்துக்கு ஒரு பையனோடத பார்க்கலாங்க" என்று சொல்லி ராஜ்பட்டைத் திறந்தாள். படங்களின் பெயர்கள் வந்தபோது ஜனங்கள் சிரித்தார்கள். சக்கரவர்த்தியும் சிரித்தார். அப்பா ஃபோல்டரைத் திறந்தாள். கொன்றைச்சரம் சுவர் முழுக்க விரிந்து தொங்கியது.

ஹாலில் பாதிப் பேருக்கு அந்தப் புடவை தெரியும். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இது இந்தக் காலேஜ்ல எல்லாப் பசங்களுக்கும் தொறந்து கிடக்குதுங்க. யாரு வேணா எடுத்துக்கலாம். போன வருஷ ஆவணிக்கு முன்னாடியிலேர்ந்தே கிடக்குது."

சக்கரவர்த்தி எழுந்துவிட்டார். "டேய் ராஜ்குமார்! இன்னாடா இது?"

ராஜ்குமார் அழுகிற குரலில் சொன்னான். "அஞ்சு ஜிபி காட்டினாத்தாம்பா உள்ள வுடுவாங்க. படம் பத்தலை. அதான் டிரைவ் முழுக்க ஷேர் பண்ணிட்டேன். ரூம்ப பூட்டித்தாம்பா வெச்சிருந்தேன்."

யாரோ பின்னாலிருந்து பொங்கிச் சிரித்தார்கள். மாணிக்கவேல் சுவரோரத்திலிருந்து தானாகவே, "கொன்றைச்சரம் நான்தாங்க எடுத்தேன். எல்லாருக்கும் தொறந்துதானே இருந்திச்சு, தப்புன்னு தெரியாது" என்றான். நாலாவது வரிசையில் சடையப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேணு மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கைச் சக்கரவர்த்தி வாய்க்கு நேரே நீட்டினாள்.

"சொல்லுங்க மொதலாளி. நான் திருடினேன்னு சொன்னீங்களே, அதே வாயால சொல்லுங்க."

அவர் முகம் கருத்து, வேர்த்து ஊற்றியது. பிரின்சிபால், "அம்மா, இதெல்லாம் அப்புறம்..." என்று வந்தார். நெசவுக்காரர்கள் வரிசையிலிருந்து ஒரு கிழவர், "சொல்லட்டும் சார், நாங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தோம்" என்றார்.

"ரேணுகா எடுக்கலை" என்றார் சக்கரவர்த்தி. மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது.

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் பட்டினி கிடந்தது இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். ராஜம்மாள் எங்கோ நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ரேணு கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே வாங்கினாள். பெயர் வெளுத்துவிட்டது. அப்படியே மைக்கை அணைத்துவிட்டு நடந்திருந்தால் இன்றைக்கும் வெள்ளையாகவே இருந்திருக்கும்.

சக்கரவர்த்தி அதற்குள் பின்னால் சுவரோரத்துக்குப் பாய்ந்திருந்தார். "அப்ப ரெட்டைக்கிளியும் நீங்கதானா? என் வயித்துல அடிச்சீங்களேடா!" என்று மாணிக்கவேல் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நான் இல்லீங்க, சத்தியமா நான் எடுக்கலை" என்று பையன் அலறினான். "எங்களுக்கும் தபால்லதான் வந்திச்சு, எவன் அனுப்பினான்னே தெரியாது" என்று சடையப்பன் கத்தினார். யார் நம்புவார்கள்? பிரின்சிபால், "ஒரு தடவை எடுத்தவன்தான் மறுபடியும் எடுப்பான். அந்தப் பையனுக்கு டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிடறேன்" என்றார். பையன் விசும்ப ஆரம்பித்தான்.

ரேணு பார்த்துக்கொண்டே நின்றாள். மாணிக்கவேலைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவன் செய்ததில்தான் எல்லாம் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவனும் ஒழிவான். இதைவிட ருசியான பழி கிடைக்குமா? ஆனால் அவன் அந்த 'நான் இல்லீங்க'வைச் சொன்ன விதம் அவள் காதைக் குடைந்தது. அவள் சொன்னதும் அதே குரலில்தான், தமிழ்வாணன் சொன்னதும் அதே குரலில்தான். சீ என்று வந்தது அவளுக்கு. மைக்கைத் தூக்கினாள்.

"அவன வுடுங்க மொதலாளி. ரெட்டைக்கிளி நான்தான் எடுத்தேன்."

ஹால் மொத்தமும் திரும்பியது. பிடித்த சட்டையை விடாமல் அவரும் திரும்பினார்.

"இன்னா சொன்ன?"

"நான்தான் எடுத்தேன், நான்தான் எல்லா ஷெட்டுக்கும் அனுப்பினேன். ஒரு வருஷமா திருடி திருடின்னு சும்மாவே பேரு குடுத்துகினு இருந்தீங்க. பேர வாங்கிகினு வேலைய செய்யாம இருந்தா நல்லாவா இருக்கும்? செஞ்சுட்டேன்."

"அப்ப நீ திருடிதான்!" என்று அவர் குரல் உடையக் கத்தினார். "கேளுங்கய்யா, அவளே ஒத்துக்கினா! திருடிதான்!"

"ஆமாங்க. இப்ப சொல்லுங்க, எத்தினி வாட்டி வேணா சொல்லுங்க. அன்னிக்கு வலிச்ச மாதிரி இப்ப வலிக்கலை." அவள் பின்னால் நடந்து போய், மறுபடியும் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஆனா தமிழ்வாணன் எடுக்கலைன்னும் சொல்லிட்டுப் போங்க. அவர் பொண்டாட்டி அங்க குந்திகினு இருக்காங்க."

சக்கரவர்த்தி பிடித்திருந்த சட்டையை விட்டார். மைக்கைப் பார்த்து, "தமிழ்வாணனும் எடுக்கலை" என்றார்.